கிட்டார் எடுத்து ஒரு மாதம் ஆகிறது, சத்தம் சரியில்லை: எங்கே பார்ப்பது?

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ரங்கூன் நடு ஊரில் பல பழைய கட்டடங்கள் அப்படித்தான். பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே சின்ன மணி. பேப்பர் போடுபவர் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் நாம் மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். போன ஆடி மாத மழையில் ஒரு நாள் மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் பேப்பர் இல்லை, கிட்டார் கம்பி பாக்கெட். கீழே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பையன் நிற்கிறான். “மாமா, இதை என் கிட்டாரில் போடலாமா?”

பாக்கெட்டில் இருந்தது இரும்புக் கம்பி. அவன் வைத்திருந்தது நைலான் கிட்டார். “எல்லாம் ஒன்றுதான் தம்பி” என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒன்று இல்லை. ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை சுமார் 40 கிலோ. இரும்புக் கம்பி மெல்லிய செட்டாக இருந்தாலும் 70 கிலோவைத் தொடும். நைலானுக்காகச் செய்த கிட்டாரில் அதைப் போட்டால் முதலில் கம்பி உயரும், அப்புறம் மேல்பலகை வீங்கும், கடைசியில் கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். கயிற்றிலேயே பாக்கெட்டைக் கீழே இறக்கி, மாற்றி வாங்கிவரச் சொன்னேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் தெருமுனையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கிட்டார் அடிக்கிற பர்மியப் பிள்ளைகளைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை வருகிறது. ஒரு கிட்டாரை வாங்கிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, “எனக்குக் கை வரவில்லை” என்கிறார்கள். நான் கையைப் பார்ப்பதற்கு முன் கிட்டாரை வாங்கிப் பார்ப்பேன். பல தடவை குற்றம் கையில் இருப்பதில்லை, மரத்தில் இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறிலும் கை எது, மரம் எது என்று பிரிக்கிற சோதனையைத்தான் முதலில் சொல்கிறேன்.

கம்பி எண்ணுகிற முறை: ஆக மெல்லியது 1, ஆகத் தடித்தது 6. இடது கை அழுத்துகிறது, வலது கை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

“நேற்றுச் சேர்த்த சுருதி இன்றைக்கு இல்லை”

முதலில், சேர்த்தது சரியாகச் சேர்த்ததுதானா? 6ஆம் கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. போன் செயலி எழுத்தை மட்டும் காட்டும், மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்று பல செயலிகள் காட்டுவதில்லை. 1ஆம் கம்பியைத் தொளதொளவென்று விட்டு ஈ என்று நினைத்திருப்பவர்களையும், ஒரு ஸ்தாயி மேலே ஏற்றப் பார்த்து அறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். செயலியில் அதிர்வெண் தெரிந்தால் 6ஆம் கம்பி 82, 5ஆம் கம்பி 110, 1ஆம் கம்பி 330 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போய், போனும் செத்துவிட்டால் காதால் சேர்க்கலாம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட், உச்சியிலிருந்து எண்ண வேண்டும். 6ஆம் கம்பியை 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வருகிற சத்தம்தான் 5ஆம் கம்பியின் திறந்த சத்தம். அப்படியே 5இல் அழுத்தி 4, 4இல் அழுத்தி 3. அடுத்தது மட்டும் விதிவிலக்கு: 3ஆம் கம்பியை 4ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி 2ஐச் சேர்க்க வேண்டும். பிறகு 2ஆம் கம்பியை மறுபடி 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி 1. இரண்டு சத்தமும் ஏறக்குறைய சேரும்போது ‘வவ்வவ்வவ்’ என்று ஒரு அலை கேட்கும். அந்த அலை மெதுவாகி நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது.

சரியாகச் சேர்த்தும் நிற்கவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். புதுக் கம்பி நீளும், அது அதன் இயல்பு. போட்டவுடன் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். இரும்பு இரண்டு மூன்று நாளில் அடங்கும், நைலான் ஒரு வாரமாவது படுத்தும். அடுத்தது, கம்பியை முறுக்குகிற பிருடையின் தண்டில் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று சுற்று, ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தால் சரி. ஏழெட்டு சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். கடைசியாக, முறுக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்து சுருதி சட்டென்று தாவுகிறதா? கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காருகிற வெள்ளைப் பட்டை இருக்கிறதே, நட் என்பார்கள், அதன் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. கம்பியைத் தூக்கிவிட்டு அந்தப் பள்ளத்தில் கூர்மையான பென்சிலைத் தேய்த்தால் போதும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கிச் சேர்த்தால் பிருடைப் பல்லில் தொய்வு தங்கிவிடும், நாலு அடியில் இறங்கிவிடும்.

பர்மிய சவுங் யாழை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். வளைந்த கழுத்தில் சிவப்புக் கயிறு சுற்றிக் கம்பியைக் கட்டியிருக்கும். அந்தக் கயிற்றைத் திருகித் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். நமக்குப் பல்சக்கரம் வைத்த பிருடை இருக்கிறது. இரண்டு நிமிடம் செலவழிக்க என்ன கஷ்டம்?

“அழுத்தவே முடியவில்லை, விரல் செத்துப்போகிறது”

விரல் நுனி எரிவது வேறு, அழுத்தவே முடியாமல் போவது வேறு. நுனி எரிச்சல் எல்லாருக்கும் உண்டு. தினம் 15 நிமிடம், இரண்டு வேளையாக வாசித்தால் மூன்று நாலு வாரத்தில் தோல் தடித்துவிடும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்துக் கொப்புளம் வந்தால் அது உடைந்து ஆறும்வரை ஒரு வாரம் போய்விடும். மணிக்கட்டிலோ முழங்கைப் பக்கமோ வலித்தால் மட்டும் பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். நிறுத்திவிடுங்கள். கை வளைந்திருக்கிற விதத்தில் ஏதோ தப்பு.

அழுத்தவே முடியவில்லை என்றால் மரத்தைப் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் 6ஆம் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கலாம். இரும்புக் கிட்டாருக்கு 2.5 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் வசதி, நைலானுக்கு 4 வரை போகலாம். இரும்புக் கிட்டாரில் அது 4, 5 என்று இருந்தால் உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த சோதனை: கம்பியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 1ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் எட்டிப் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் வாய் பிளந்துகொண்டிருந்தால் நட் உயரம். கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப், இருந்தால் 1ஆம் ஃப்ரெட்டில் மாட்டிப் பாருங்கள். திடீரென்று எல்லாம் லேசாகிவிட்டதா? அதே முடிவுதான்.

ஒரு அக்கா பழைய கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1ஆம் ஃப்ரெட்டிலேயே கம்பி மலைமேல் நின்றது. கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு, இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கிற பழக்கம் பர்மாவில் உண்டு. பர்மியக் கீர்த்தனைகளின் நெளிவு சுளிவுக்கு அது அப்படியே பொருந்தும். அப்படி வாசிக்கக் கம்பி ஃப்ரெட்டில் முட்டக் கூடாது என்பதால் நட்டை உயர்த்திக்கொள்வார்கள். அக்காவின் கிட்டார் அப்படிப்பட்ட கைக்குச் செய்தது. இரண்டு மாதமாக அவர்கள் அதில் சி கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற ஒரு கைப்பிடி) பிடிக்கப் பாடுபட்டிருக்கிறார்கள், பாவம்! நட்டைக் கழற்றிச் சாதாரண நட்டை வைத்தோம். அன்றைக்கே சி கேட்டது.

இங்கே மழைக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிட்டார் மரத்துக்குப் பிடித்த காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வைகாசியில் ஆரம்பித்து ஐப்பசி வரை ரங்கூனில் அந்த அளவுக்கு எங்கே போவது! மரம் ஈரத்தைக் குடித்து, மேல்பலகை உப்பி, பிரிட்ஜைத் தூக்கும். கம்பியும் கூடவே உயரும். சித்திரையில் சுகமாக வாசித்த கிட்டார் ஆவணியில் முரண்டு பிடிப்பது இதனால்தான். அதையே வெயில் காலத்தில் மாண்டலேக்குக் கொண்டுபோனால் நேர்மாறு: மரம் காய்ந்து பலகை தாழும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். மழைக்காலத்தில் வெளிப்புறச் சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள், அந்தச் சுவர் வேர்க்கும். பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி லுங்கித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். துரு பிடித்த கம்பி விரலையும் அறுக்கும், சுருதியையும் கெடுக்கும்.

இரும்புக் கம்பியில் 12 செட் கடினமாக இருந்தால் 11 அல்லது 10 செட் போடலாம். 12 என்பது 1ஆம் கம்பியின் தடிமன், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. சத்தம் கொஞ்சம் மெலியும். ஆரம்பத்தில் அது ஒரு நஷ்டமே இல்லை.

“ஜிர்ர்ரென்று இரைகிறது”

எங்கே இரைகிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு, திறந்த நிலையிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக 12 வரை அழுத்தி அழுத்தி மீட்டுங்கள். அவசரப்படாமல்.

திறந்து மீட்டும்போது மட்டும் இரைந்து, அழுத்தினால் சுத்தமாக வந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் கம்பி தூக்கிக்கொண்டிருக்கிறது. முதல் நாலைந்து ஃப்ரெட்டில் பரவலாக இரைந்தால் கழுத்து தேவைக்கு மேல் நேராகிவிட்டது. உடல் பக்கமாகப் போகப் போக இரைந்தால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்குகிற சின்னப் பட்டை, சாடில் என்பார்கள், அது தாழ்வு. இவை எல்லாம் மரம்.

கழுத்து நேராகிவிட்டதா என்று பார்க்க 6ஆம் கம்பியை ஒரு கையால் 1ஆம் ஃப்ரெட்டிலும், மறு கையால் கழுத்து உடலோடு சேருகிற இடத்திலும் அழுத்துங்கள். 7ஆம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். துளிகூட இல்லையென்றால் கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தினால் சரியாகலாம். இடைவெளி அதிகமென்றால் கால் சுற்று இறுக்க வேண்டும். கால் சுற்றுதான். அதற்கு மேல் போகும் எண்ணம் இருந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். நைலான் கிட்டார்களில் பெரும்பாலும் அந்தக் கம்பியே இருக்காது, தேடாதீர்கள்.

இரைச்சல் ஒரு நாள் இந்த இடம், ஒரு நாள் அந்த இடம் என்று மாறிக்கொண்டிருந்தால் மரம் நிரபராதி. அது கை. விரல் ஃப்ரெட்டிலிருந்து தள்ளிப் பின்னால் இருக்கிறது. இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் மேலே ஏறாமல் அழுத்திப் பாருங்கள். விரலை லேசாக வைத்து மீட்டுங்கள், ‘தொப்’ என்று கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே மீட்டுங்கள். எந்தக் கணத்தில் சத்தம் சுத்தமாகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். அவ்வளவு பலம்தான் தேவை. முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் “இவ்வளவுதானா!” என்பார்கள்.

“கார்ட் பிடித்தால் ஒரு கம்பி மட்டும் ஊமை”

கார்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக மீட்டி ஊமைக் கம்பியைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல் எந்த விரல் சாய்ந்திருக்கிறது? சி கார்டில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் 1ஆம் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் மோதிர விரல் 4ஆம் கம்பிமேல் சாய்ந்திருக்கும். டி கார்டில் மோதிர விரலின் வயிறு 1ஆம் கம்பியில் படும். மருந்து ஒன்றுதான்: கட்டைவிரலைக் கழுத்தின் பின்புற நடுவுக்கு இறக்குங்கள், உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் இடையில் ஓர் எலுமிச்சம்பழம் நுழைகிற இடம் விடுங்கள். விரல்கள் தானாகச் செங்குத்தாகும்.

நகத்தையும் பாருங்கள். இடது கை நகம் துளி வளர்ந்திருந்தாலும் விரல் நுனி கம்பிக்கு இறங்காது. கல்யாணத்துக்காக நகம் வளர்த்து நெயில் பாலிஷ் போட்ட ஒரு பெண் மூன்று வாரம் என்னோடு வாதாடினாள். கடைசியில் இடது கையை மட்டும் வெட்டிக்கொண்டாள்.

“எஃப் வரவே வராது போலிருக்கிறது”

வரும். ஆனால் ஆறு கம்பியையும் ஆள்காட்டி விரல் ஒன்றே நசுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் வராது. எஃப் கார்டை உற்றுப் பாருங்கள். 5, 4, 3ஆம் கம்பிகளை மற்ற மூன்று விரல்கள் அடுத்த ஃப்ரெட்டுகளில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே ஆள்காட்டி விரலுக்கு வேலையே இல்லை. அது அழுத்த வேண்டியது 6, 2, 1 மட்டும். விரலைக் கொஞ்சம் வளையவிட்டு, கட்டைவிரலைப் பார்த்த ஓரத்துக்குச் சற்றே உருட்டுங்கள். அந்த ஓரத்தில் எலும்பு இருக்கிறது, சதை மடிப்பு இல்லை. முழங்கையை உடம்பை ஒட்டிக் கொண்டுவந்து கையின் கனத்தால் பின்னால் இழுங்கள். கட்டைவிரலால் நசுக்காதீர்கள்.

1ஆம் ஃப்ரெட்டில் ஆரம்பிப்பதும் தப்பு. நட் பக்கத்தில் கம்பி ஆகக் கடினம். அதே கையை 5ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் ஏ கார்ட். அங்கே இரண்டு நாள், அப்புறம் 4, அப்புறம் 3 என்று இறங்கி வாருங்கள். அதுவரை பாட்டு நிற்க வேண்டாம் என்றால் சின்ன எஃப் போதும்: ஆள்காட்டி 1, 2ஆம் கம்பிகளை 1ஆம் ஃப்ரெட்டில், நடுவிரல் 3ஆம் கம்பியை 2இல், மோதிர விரல் 4ஆம் கம்பியை 3இல். மற்ற இரண்டு கம்பியை மீட்டாமல் விடுங்கள். 5இல் நன்றாக வந்து 1இல் மட்டும் வரவே இல்லையென்றால் நட்டை மறுபடி அளந்து பாருங்கள்.

“கார்ட் மாற்றும்போது பாட்டு நிற்கிறது”

விரல்களை மொத்தமாகத் தூக்கி மொத்தமாக வைக்கிறீர்கள். எது அசைய வேண்டாம் என்று முதலில் பாருங்கள். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர்கிறது. ஜி-யில் மோதிர விரலை 2ஆம் கம்பியிலும் சுண்டு விரலை 1ஆம் கம்பியிலும், இரண்டையும் 3ஆம் ஃப்ரெட்டில் வைத்துப் பிடித்தால், டி-க்குப் போகும்போது மோதிர விரல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து இரண்டே கார்டை மாற்றி மாற்றி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30 வந்தால் மெதுவான பாட்டு ஓடிவிடும்.

பாட்டு நிற்பதற்கு வலது கையும் காரணம். இடது கை தேடும்போது வலது கை நின்று காத்திருக்கிறது. காத்திருக்கக் கூடாது. ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கார்ட் வரவில்லையா, திறந்த கம்பியில் அடித்துவிட்டுப் போங்கள். தாளம் தவறினால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

“எல்லாம் சரி, ஆர்மோனியத்தோடு சேரவில்லை”

இது பஜனைக்குப் போகிறவர்களின் கோளாறு. கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கிற தாத்தா “நாலு கட்டை” என்பார். நம் பிள்ளை சி-யில் ஆரம்பிப்பான். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டை என்றால் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. நாலு கட்டைக்குக் கேப்போவை 3இல் மாட்டி டி கார்டுகளைப் பிடிக்கலாம். ஐந்தரைக்குக் கேப்போ 1, ஜி கார்டுகள். ஒன்றரைக்குக் கேப்போ 1, சி கார்டுகள். நாலரைக்குக் கேப்போ 4, டி கார்டுகள். இந்த நாலையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள்.

கட்டை சரியாக இருந்தும் கரகரவென்று கடித்தால் ஆர்மோனியத்தின் வயதைக் கேளுங்கள். பழைய பெட்டிக்குள் காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற நாக்குகள் போன் செயலி சொல்கிற சுருதியில் இருப்பதில்லை, கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். செயலியை மூடிவிட்டு, ஆறாம் கட்டையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அதில் 5ஆம் கம்பியைச் சேருங்கள். மற்றதை மேலே சொன்ன மாதிரி அதிலிருந்து காதால். இதைப் பஜனை தொடங்குவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். தாத்தா துருத்தியை மூடிவிட்டு உண்டக்கட்டிக்கு எழுந்த பிறகு கேட்டால் அடி விழும்.